அரிசியும் தோல்முட்டையும்

கேள்வி: அக்கா, வீட்டுப் பின்புறம் ஆறு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். தெருநாய்களுக்குப் பயந்து வலை அடித்து உள்ளேயே வைத்திருக்கிறேன். தரை சிமெண்ட். காலையில் ரேஷன் அரிசி, சாயந்திரம் மிஞ்சின சோறு. வயிறு முட்டத்தான் தின்கின்றன. ஆனால் இரண்டு மாதமாக முட்டை குறைந்துவிட்டது. போடுவதும் பாதி தோல்முட்டை, கெட்டி ஓடில்லாமல் வெறும் தோலோடு வருகிறது. ஏதாவது நோயா?
- வாசகி, பல்லடம்

பதில்: சுறுசுறுப்பாகத் திரிகின்றன, கழிச்சல் இல்லை என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எனக்கு நோயாகத் தெரியவில்லை அம்மணி. சாயந்திரம் கோழியைப் பிடித்துத் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள், கும்மென்று இருக்கும். அத்தனையும் அரிசி. அதுதான் சிக்கல்.

ஒரு நாட்டுக்கோழி முட்டை ஓட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் அரிசியில் இருப்பதோ பத்து மில்லிகிராம் அளவுதான். அரிசியை மட்டும் நம்பினால் ஒரு முட்டைக்குப் பதினைந்து கிலோ அரிசி தின்றாக வேண்டும்! கோழி என்ன செய்யும்? தன் எலும்பில் இருப்பதைக் கரைத்து ஓடு கட்டும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. அதற்கப்புறம் முட்டையே நின்றுவிடும்.

எங்கள் ஆத்தா கோழிக்கு என்ன கலவை போட்டது? ஒன்றுமில்லை. விடிந்தால் கூடையைத் திறந்துவிடும், ஒரு கை கம்பு வீசும், அவ்வளவுதான். மிச்சத்தைக் கோழியே குப்பைமேட்டில் கிளறிக்கொண்டது: புழு, பூச்சி, கரையான், புல், சிறுகல் எல்லாம். நீங்கள் வலைக்குள் அடைத்துவிட்டீர்கள். தப்பில்லை, எங்கள் காங்கேயத்திலும் நாய்த் தொல்லை அப்படித்தான். ஆனால் அடைத்த பிறகு அந்தக் குப்பைமேட்டை நாம்தான் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் என் பதினான்கு கோழிகளுக்குக் கலப்பது இது. பத்துக் கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறேன். உடைத்த மக்காச்சோளம் நாலு கிலோ, கம்பு ஒன்றரை, அரிசித்தவிடு ஒன்றரை, கடலைப்புண்ணாக்கு இரண்டு, உப்புப் போடாமல் காயவைத்த மீன்தூள் அரைக் கிலோ, கிளிஞ்சல் தூள் 350 கிராம், தாது உப்புக் கலவை 150 கிராம். புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். முட்டையிடும் கோழிக்கு அது போதும். கோழிக்கு நாளொன்றுக்கு 80 கிராம் என்று வைத்தால் உங்கள் ஆறுக்கும் இருபது நாள் ஓடும். மீன்தூளுக்குப் பதிலாகக் கடைக் கருவாட்டை இடித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த உப்பு கோழியைக் கொன்றுவிடும்.

இதற்கு மேல், கிளிஞ்சலை ஒன்றிரண்டாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முக்கியமாகச் சாயந்திரம் அது நிறைந்திருக்க வேண்டும். ஒரு முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும், பெரும்பகுதி வேலை ராத்திரியில்தான் நடக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று கோழிக்கே தெரியும். முட்டையிடுவது அதிகம் கொத்தும், சேவல் எட்டிப் பார்க்காது. சிமெண்ட் தரை என்பதால், மணல் சலித்து மிஞ்சும் சிறுகல்லும் ஒரு கிண்ணம் வேண்டும். கோழிக்குப் பல் கிடையாது, வயிற்றுக்குள் அந்தக் கல்தான் அரைக்கிறது. கிளிஞ்சல் கரைந்துவிடும், கல்லுக்கு அது ஈடாகாது.

கலக்க நேரமில்லையென்றால் முட்டைக்கோழித் தீவனமாகவே வாங்கிவிடுங்கள். ஆனால் 'விலை அதிகம்' என்று அதில் பாதிக்குப் பாதி அரிசி கலந்தால் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும். மிஞ்சின சோறு கால் மணி நேரத்தில் தின்று தீரும் அளவுக்கு மட்டும்.

இன்னொன்று. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் இடும். நடுவில் அடைக்கு உட்காரும், இறகு உதிர்க்கும். அப்போது முட்டை இல்லையென்று தீவனத்தைக் குறைகூற வேண்டாம்.

கேள்வி: கடலைப்புண்ணாக்கு மழைக்காலத்தில் லேசாகப் பூத்துவிட்டது. வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?
- வாசகர், அரூர்

பதில்: கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஐப்பசியில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு மூட்டை வாங்கி, அடியில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டு, இரண்டு நாள் காயவைத்துப் போட்டேன். கோழிகள் தீனி எடுக்காமல் இறகைத் தொங்கப்போட்டு நின்றன. நாலு போயின, அதில் ஒன்று எங்கள் பழைய பெருவிடை, பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி ரகம். அறுத்துக் காட்டினார் டாக்டர், ஈரல் மஞ்சளாக வெளிறிக் கிடந்தது.

அந்தப் பூஞ்சை விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் திடுதிப்பென்று செத்தபோதுதான் உலகத்துக்கு இது தெரியவந்தது. காரணம் அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப்புண்ணாக்கு. வெயிலில் பூஞ்சை காயும், நஞ்சு காயாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வந்துவிடும்.

கேள்வி: தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பாசிச்செடியை மட்டும் போட்டே கோழி வளர்க்கலாம் என்கிறார்களே?
- வாசகர், மணப்பாறை

பதில்: சொல்பவர் அசோலாவைக் காயவைத்து எடைபோட்டுப் பார்த்திருக்க மாட்டார். காய்ந்த அசோலாவில் கால் பங்கு வரை புரதம் உண்டு, நிஜம்தான். ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் ஒரு கிலோவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்து மிஞ்சுவது அறுபது எழுபது கிராம். கீரை மாதிரி தினம் ஒரு கை போடுங்கள். மஞ்சள்கரு நல்ல நிறம் வரும்.

காசில்லாத புரதம் வேண்டுமென்றால் எங்கள் அப்புச்சி செய்ததைச் சொல்கிறேன். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணிச்சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, பொழுது சாய்கிறபோது கரையான் ஓடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார். வெயில் ஏறுமுன் எடுத்தால் பானை நிறையக் கரையான். மருந்து அடித்த இடமாக மட்டும் இருக்கக்கூடாது.

கேள்வி: குஞ்சுகளும் தாய்க்கோழியும் ஒரே தட்டில் முட்டைக்கோழித் தீவனம் தின்கின்றன. பரவாயில்லையா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: குஞ்சுக்கு ஆகாது கண்ணு. அதில் கால்சியம் மூன்றரை, நாலு சதவீதம். குஞ்சுக்கு ஒன்று போதும். அதிகமானால் சிறுநீரகம் கெடும். தட்டைப் பிரிக்கப் போராடாமல் எல்லோருக்கும் குஞ்சுத் தீவனமே வையுங்கள், தாய்க்கு அது கெடுதல் செய்யாது. குஞ்சுகளை விட்டு மறுபடி முட்டைக்கு வரும்போது கிளிஞ்சல் கிண்ணத்தைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். பழைய தேங்காய்த்தொட்டி போதும்.