வியட்நாம் போரில் ஜான்சனைத் தவறான வழியில் கொண்டுபோனது அவருடைய ஆலோசகர்களா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அதிபர் கென்னடி விட்டுப்போன பெரிய படிப்பாளிகள்தான், அவருக்குப் பின் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சனை வியட்நாமில் இறக்கிவிட்டார்கள் என்பது உண்மையா? "வேண்டாம்" என்று அவரிடம் சொல்ல ஒருவர்கூட இல்லையா?

சொன்னார்கள். ஒருவர் இல்லை, பலர். அவர்களுக்கெல்லாம் முன்னால் ஜான்சனே தன் வாயால் சொல்லியிருக்கிறார். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததும் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் மகள் வீட்டுக்கு ஆஸ்டின் போயிருந்தேன். அங்கே ஜான்சனின் பெயரில் ஒரு நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கிறது. அதில் போன் ரிசீவரைக் காதில் வைத்து அவருடைய பழைய தொலைபேசி உரையாடல்களைக் கேட்கலாம். அதிபராக இருந்த காலத்தில் அவர் தன் போன் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்துவைத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் இணையத்தில் தேடித்தேடிக் கேட்டேன். 1964 மே 27 அன்று அவர் பேசிய இரண்டு அழைப்புகளை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

முதல் அழைப்பு ரிச்சர்ட் ரஸ்ஸலுடன். ஜார்ஜியா மாநில செனட்டர், செனட்டின் ராணுவக் குழுத் தலைவர், ஜான்சனை அரசியலில் வளர்த்துவிட்டவர். கல்யாணம் ஆகாதவர், ஜான்சன் வீட்டில் ஒரு வீட்டு மனிதர் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்த நேரத்தில் கறுப்பின மக்களின் சம உரிமைச் சட்டத்துக்காக ஜான்சனும், அதை எதிர்த்து ரஸ்ஸலும் செனட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் வியட்நாம் என்றதும் ஜான்சன் இவரிடம் யோசனை கேட்டார். இவ்வளவு மோசமான சிக்கலைத் தான் பார்த்ததே இல்லை என்கிறார் ரஸ்ஸல். அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் யாராவது ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்து, அவனே நம்மை வெளியே போகச் சொல்லும்படி செய்தால் கௌரவமாக வெளியேறிவிடலாம் என்று யோசனையும் சொல்கிறார். அதற்கு ஜான்சன், ஓடிவந்த அதிபரைப் பதவியிலிருந்தே நீக்கிவிடுவார்களே என்கிறார். தன்னிடம் வேலை பார்க்கும் ஒரு சார்ஜெண்டைப் பற்றியும் பேசுகிறார். அவருக்கு ஆறு பிள்ளைகள். அந்த மனிதரை அங்கே அனுப்புவதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது என்கிறார்.

அடுத்தது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியுடன். ராத்திரி தூக்கம் வரவில்லை, இது இன்னொரு கொரியப் போராகப் போகிறது, இதற்காகப் போரிடுவதில் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது என்று நினைக்கிறேன் என்கிறார். வியட்நாம் எனக்கு என்ன பெறும், இந்த நாட்டுக்கு என்ன பெறும் என்று கேட்கிறார். அப்போது அங்கே இருந்தது ஏறக்குறைய 16,000 அமெரிக்கர்கள். பெயரளவில் ராணுவ ஆலோசகர்கள். நான்கு வருஷத்தில் அது ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

இதைக் கேட்ட பிறகு "பாவம், அவருக்குத் தெரியாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆலோசகர்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1965 ஜனவரியில் பண்டியும் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்நமாராவும் சேர்ந்து, இப்போது போகிற வழியில் போனால் படுதோல்விதான், ராணுவ பலத்தைக் காட்டும் நேரம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் பிளைக்குவில் அமெரிக்க முகாம் தாக்கப்பட்டபோது பண்டி வியட்நாமிலேயே இருந்தார், பதிலடி வேண்டும் என்றார். மார்ச் 2-இல் வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சு, மார்ச் 8-இல் டா நாங் கடற்கரையில் 3,500 மரைன் வீரர்கள். நாடாளுமன்ற அனுமதியை 1964 ஆகஸ்டிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி வாங்கிய தீர்மானம் அது. கீழவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2. ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை.

இந்தக் கதையில் என் மனசை அதிகம் உறுத்துவது துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரியின் மெமோ. 1965 பிப்ரவரி நடுவில், படைகள் இறங்குவதற்குச் சில வாரம் முன்னால் எழுதியது. அவர் ராணுவக் கணக்குக்குள் போகவே இல்லை. நான் அரசியல்வாதி, அரசியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். ஏன் சண்டை போடுகிறோம் என்று மக்களுக்குப் புரியாத போரை நீண்ட நாள் நடத்த முடியாது. எதிர்ப்பு குடியரசுக் கட்சியிலிருந்து வராது, நம் சொந்தக் கட்சிக்காரர்களிடமிருந்தே வரும். நஷ்டத்தை ஒப்புக்கொண்டு விலகுவது எப்போதும் கஷ்டம்தான், ஆனால் இப்போதுதான் தேர்தலில் பெரிய வெற்றி கிடைத்திருக்கிறது, அரசியல் ஆபத்து மிகக் குறைவான வருஷம் 1965தான் என்று எழுதினார். ஒவ்வொரு வரியும் அப்படியே பலித்தது. அன்று வரை அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் சில நூறு பேர்.

அதற்குக் கிடைத்த பலன்? ஏறக்குறைய ஒரு வருஷம் வியட்நாம் பற்றிய கூட்டங்களுக்கு ஹம்ப்ரியைக் கூப்பிடவே இல்லை. 1966 தொடக்கத்தில் அவரை ஆசிய நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் போரின் உரத்த ஆதரவாளராகிவிட்டார். மற்ற ஆலோசகர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அடுத்து மறுத்துப் பேச நினைத்த ஒவ்வொருவருக்கும் ஹம்ப்ரியின் காலி நாற்காலி கண்ணில் பட்டிருக்கும்.

ஜார்ஜ் பாலின் கதை வேறு மாதிரி. வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். 1964 அக்டோபரிலேயே 67 பக்கத்துக்கு ஒரு மெமோ எழுதினார். புலிவாலைப் பிடித்த கதை என்று நாம் சொல்வோம். அவர் எழுதியது புலியின் முதுகு. ஏறிவிட்டால் எங்கே இறங்குவது என்பது நம் கையில் இருக்காது என்றார். இதெல்லாம் எழுத்தில் இருப்பதே ஆபத்து, வெளியே கசிந்துவிடும் என்றுதான் மெக்நமாரா பதறினார் என்று பால் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1965 ஜூலை 21 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தின் குறிப்புகள் கிடைக்கின்றன. இந்தப் போரில் ஜெயிக்க முடியாது என்று பால் நேராகவே சொல்கிறார். விலகினால் நம்மைக் காகிதப் புலி என்பார்களே, மூன்று அதிபர்கள் கொடுத்த வாக்கு என்னாவது என்று ஜான்சன் கேட்கிறார். உலகத்தின் பெரிய வல்லரசால் ஒரு கெரில்லாப் படையை அடக்க முடியவில்லை என்று தெரிவதுதான் அதைவிடப் பெரிய அடி என்கிறார் பால். நல்ல பதில். அதிபரும் பொறுமையாகத்தான் கேட்டார். பாலை ஒரு வருஷத்துக்கு மேல் அதே பதவியில் வைத்துமிருந்தார், ஒதுக்கவில்லை.

நான் ஒரு துறையில் முப்பது வருஷம் கோப்பு எழுதியவன். மறுப்புக் குறிப்பு என்று ஒன்று உண்டு. எழுதச் சொல்வார்கள், வாங்கிக்கொள்வார்கள், கோப்பில் சேர்ப்பார்கள். "எல்லாக் கோணத்திலும் ஆராயப்பட்டது" என்று மேலே எழுதுவதற்கு அது உதவும். முடிவு ஏற்கனவே வேறோர் அறையில் ஆகியிருக்கும். பாலை அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். எதிர்வாதம் பேசுவதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார் என்று ஆகிவிட்டால், அவர் சொல்வதைக் கேட்டு யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

அந்த வாரக் கடைசியில் கேம்ப் டேவிடில் ஜான்சனின் பழைய நண்பர், வழக்கறிஞர் கிளார்க் கிளிஃபோர்டும் வேண்டாம் என்றார். அங்கே 50,000 பேரை இழந்தால் நாடு தாங்காது என்று எண்ணிக்கையோடு சொன்னார். கடைசியில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கு மேல். வியட்நாமியர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களுடைய பெயர்களை அந்த அறைகளில் யாரும் எண்ணவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் ஜூலை 28 வந்தது. படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக்குகிறோம் என்று ஜான்சன் அறிவித்தார். மெக்நமாரா ரிசர்வ் படையைக் கூப்பிட வேண்டும், வரியை உயர்த்த வேண்டும் என்றிருந்தார். இரண்டையும் ஜான்சன் தள்ளிவிட்டார், ஏனென்றால் இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் விவாதம் வரும். நாடே டிவி முன்னால் உட்காரும் ராத்திரி நேரத்தை விட்டுவிட்டு, பகல் நேரப் பத்திரிகையாளர் சந்திப்பில், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியை நியமிக்கும் செய்தியோடு சேர்த்துச் சொன்னார். ஏப்ரலிலும் இதே வேலைதான் நடந்தது. மரைன் படைகள் காவலோடு நிற்காமல் இனி தாக்கவும் செய்யலாம் என்று உத்தரவு போட்டார்கள், கூடவே இது கொள்கை மாற்றமாகத் தெரியக்கூடாது என்றும் அதே உத்தரவில் எழுதினார்கள்.

ஏன் இவ்வளவு மறைப்பு? தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலை 30, முதியோருக்கான மருத்துவக் காப்பீடு மெடிகேர் சட்டமாகிறது. ஆகஸ்ட் 6, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை உறுதிசெய்யும் சட்டம். இரண்டும் அவர் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்தவை. போரைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தால் இவற்றுக்கான பணமும் ஓட்டும் போய்விடும் என்று பயந்தார். போரை விட்டு ஓடினாலும் போய்விடும் என்று பயந்தார். 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது "சீனாவைத் தொலைத்தது யார்" என்று அப்போதைய அதிபர் ட்ரூமனைக் கிழித்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதனால் தோற்காமல் இருக்கும் அளவுக்குப் படை, யாரும் கவனிக்காத அளவுக்குச் சத்தம் என்று நடுவழி ஒன்றைப் பிடித்தார். மெடிகேரைக் கொண்டுவந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

ஆகவே என் பதில்: ஆலோசனை கிடைக்காததோ, தவறான ஆலோசனை கிடைத்ததோ முக்கியக் காரணம் இல்லை. சரியான ஆலோசனை எல்லாம் மூடிய அறைக்குள்ளேயே இருந்தது. நாட்டைப் பிளக்கப்போகிற விஷயத்தை நாட்டுக்குச் சொல்லாமலே முடிவெடுத்தார்கள். ஹம்ப்ரியும் பாலும் கிளிஃபோர்டும் உள்ளே சொன்னதை மக்கள் 1965-இலேயே கேட்டிருந்தால், ஜான்சன் பயந்த அதே மக்கள் அவருக்கு வெளியேற வழி விட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

1966-ம் 67-ம் இதன் நீட்சிதான். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜையில் நாலைந்து பேர் உட்கார்ந்து எந்த இடத்தில் குண்டு போடலாம் என்று இலக்கு தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் தன் கையால் நடக்க வேண்டும் என்ற அந்தக் குணம் நம் நாட்டையும் தொட்டது. பஞ்ச காலத்தில் இந்தியாவுக்கு வரவேண்டிய கோதுமையை அவரே மாதாமாதம் பார்த்துப் பார்த்துத்தான் விடுவித்தார். இந்திரா காந்தி மாஸ்கோவில் வியட்நாம் குண்டுவீச்சை நிறுத்தச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

மெக்நமாராவே 1967-இல் மனம் மாறி, குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்று நவம்பர் 1 அன்று எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே அவர் உலக வங்கிக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. அவர் இடத்துக்கு வந்தவர், 1965-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முடிவான பிறகு உறுதியான ஆதரவாளராக மாறியிருந்த அதே கிளிஃபோர்ட். 1968 ஜனவரிக் கடைசியில், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு நேரத்தில், கம்யூனிஸ்டுப் படைகள் தென் வியட்நாம் முழுக்கப் பெரிய தாக்குதல் நடத்தின. தளபதிகள் இன்னும் 2,06,000 பேர் கேட்டார்கள். கிளிஃபோர்ட் அவர்களை உட்காரவைத்துச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். இத்தனை பேர் போதுமா? உறுதி சொல்ல முடியாது. இன்னும் எத்தனை பேர், எவ்வளவு காலம்? தெரியாது. குண்டுவீச்சு மட்டுமே போரை முடிக்குமா? முடிக்காது. ஜெயிக்கத் திட்டம் என்ன? எதிரி களைத்துப் போவான் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

மூன்று வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். மார்ச் 12-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஜான்சனின் சொந்தக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய உட்கட்சித் தேர்தலில், போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். மார்ச் 31 ராத்திரி ஜான்சன் டிவியில் வந்து குண்டுவீச்சைக் குறைப்பதாகவும், மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் சொன்னார். அன்று காலையில்தான் மூத்த மகள், வியட்நாமுக்குக் கிளம்பிய கணவரை வழியனுப்பிவிட்டு வெள்ளை மாளிகைக்கு வந்திருந்தார். அவர் ஏன் போக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்.

ரஸ்ஸல் என்ன ஆனார் என்று யாராவது கேட்பீர்கள். தனியாக அவ்வளவு தெளிவாகப் பேசியவர், வெளியில் போரை ஆதரித்தே வந்தார். கொடியை நட்ட பிறகு பின்வாங்கக்கூடாது என்பது அவர் கொள்கை. செனட்டில் எழுந்து அவர் ஒரு வார்த்தை எதிர்த்திருந்தால் ஜான்சனுக்குத் தேவையான கவசம் கிடைத்திருக்கும், ஏனென்றால் ரஸ்ஸலைக் கோழை என்று சொல்ல வாஷிங்டனில் யாருக்கும் நாக்கு வராது. இருபது வருஷ நட்பு 1968 கோடையில் முறிந்தது. ஜார்ஜியாவில் ரஸ்ஸல் சிபாரிசு செய்த ஒருவரை நீதிபதியாக நியமிப்பதை ஜான்சன் தாமதப்படுத்திவிட்டார் என்று அவருக்குக் கோபம். போரைப் பற்றி இருவருக்கும் வெளியில் ஒரு சண்டையும் வந்ததில்லை.