ஈ.பி.ஆர். கருவியில் சாம்பிளை எடுக்கும் முன் மைக்ரோவேவை ஏன் ஸ்டாண்ட்பையில் போட வேண்டும்?

ஒரு பொருளில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றனவா என்று காந்தப்புலத்தையும் மைக்ரோவேவையும் வைத்துக் கண்டறிவதுதான் ஈ.பி.ஆர். கருவி. சாம்பிள் குழாய் நிற்கும் சிறு உலோக அறை, பெரும்பாலான கருவிகளில் 9.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். தம்புராவின் பிருடை நழுவினால் சுருதி கலைவது போல, குழாயை உருவினால் இந்த இசைவும் கலையும். உடனே, அறைக்குள் அடங்கியிருந்த மைக்ரோவேவ் திரும்பி வந்து சிக்னலை அளக்கும் டிடெக்டர் டையோடைத் தாக்கும். மென்மையான பாகம் அது, கருகிவிடலாம். அதனால் முதலில் பவரைக் குறைத்து ஸ்டாண்ட்பை, அப்புறம்தான் குழாயில் கை.

காந்தத்தைப் பொறுத்தவரை, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

மைக்ரோவேவும் எக்ஸ்ரே மாதிரிதான் என்று பலர் பயப்படுகிறார்கள்; அப்படியில்லை, அது அயனியாக்காது, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்காது; ஆபத்து சூட்டில்தான், குறிப்பாக சூட்டைத் தணிக்க ரத்த ஓட்டமே இல்லாத கண் லென்ஸுக்கு.