பராமரிப்பு நேரத்தில் தரவுத்தளத்தை ஏன் மறிக்கிறார்கள்?

‘பராமரிப்பு நடக்கிறது, பிறகு முயலுங்கள்’ என்று கணினி நம்மைத் திருப்பி அனுப்புவது ஏன் என்பதுதான் கேள்வி. தரவுத்தளம் என்பது பலர் ஒரே நேரத்தில் எழுதி வாசிக்கும் பெரிய பதிவேடு. அதில் திருத்தவேலை நடக்கும்போது, நிர்வாகியைத் தவிர மற்றவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்துவதே இந்தத் தடை.

இரணைமடுக் குளத்து வாய்க்காலைத் திருத்தும்போது துருசை (மதகை) மூடுவார்கள் அல்லவா? தண்ணீர் ஓடும்போது உடைந்த இடத்தில் சீமெந்து நிற்காது. இங்கும் அப்படித்தான். தரவைப் புதிய அட்டவணைக்கு மாற்றும் வேளையில் கிளிநொச்சியில் ஒருவர் நெல் கொள்வனவைப் பதிந்தால், அது பழைய அட்டவணையிலேயே தங்கிவிடலாம். பிறகு விவசாயியின் கணக்கு எப்படிச் சரிவரும்?

துருசை மூடியதும் வாய்க்கால் உடனே வற்றாது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் புதியவர்களை மறித்தாலும், முன்பே நுழைந்தவர் தொடர்ந்து வேலை செய்யலாம். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, கையிலுள்ள வேலையை முடிக்கவிட்டு, அதன்பின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். சொல்லாமல் அறுத்தால் பாதியில் நின்ற பதிவு இரத்தாகிவிடும். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

‘மூடிவிட்டார்களே, எங்கள் தரவு அழிந்ததா?’ என்று பதறவேண்டாம்: மறிக்கப்பட்டது வழி மட்டுமே, குளத்துத் தண்ணீர் குளத்திலேயே இருக்கிறது.