நாய்க்குச் சப்பாத்து

கேள்வி: கச்சான் காற்று வீசும் இந்நாள்களில், நிலாவெளி வீதியில் மாலை 4 மணிக்கு நடக்கும்போதும் எங்கள் நாய் சூடு தாங்காமல் கால்களை மாறி மாறித் தூக்குகிறது. வாங்கிய சப்பாத்துகளோ சிறிது தூரத்திலேயே கழன்று விழுகின்றன. சரியான அளவை எவ்வாறு அறிவது?
(வாசகி, உப்புவெளி)

பதில்: நாய் படுத்திருக்கும்போது அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடற்பாரம் இறங்கும்போது பாதம் விரிவதால், நாயை ஒரு முன்பாதம் தாளின்மேல் இருக்குமாறு நிற்கச் செய்து, மற்றைய முன்காலை மெல்லத் தூக்கிப் பிடித்தபடி, பாதத்தின் மிக அகன்ற இடத்தில் இருபுறமும் கோடிட்டு அளக்க வேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு முன்பாதங்களே பெரியவை; ஆகவே பின்பாதங்களையும் தனியே அளவிடுங்கள். நகங்களை முதலில் வெட்டிவிடுவது நல்லது.

கழன்று விழுகிறதே என்று பட்டியை இறுக்கிவிடாதீர்கள். பட்டி மணிக்கட்டின் ஒடுங்கிய பகுதியில் அமர்ந்து, உங்கள் ஒரு விரல் உள்ளே நுழையுமளவு தளர்வாக இருக்க வேண்டும். உட்புறம் சற்று உயரத்திலுள்ள பெருவிரல் நகத்தில் அது உரசினால் புண்ணாகும். முதலில் வீட்டுக்குள் சில நிமிடங்கள் மட்டும் அணிவித்து, நாய் விரும்பும் தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். நாய்க்குப் பாதங்களிலும் வியர்ப்பதால், உலா முடிந்தவுடன் கழற்றி, விரலிடுக்கில் கடற்கரை மணலோ ஈரமோ சிவப்போ உள்ளதா எனப் பாருங்கள்.

ஆயினும் புறங்கையைத் தார்வீதியில் 7 விநாடி வைத்திருக்க முடியாத வேளையில், சப்பாத்து இருந்தாலும் நாயை வெளியே கொண்டுசெல்ல வேண்டாம். பாதம் தப்பினாலும் உடல் வெப்பத்தால் தளரும்.