ராப்சடியின் ‘ஈவ்’: மாட்டுங்காவில் கேட்டவர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

போன ஞாயிறு மும்பை மாட்டுங்காவில் கூடி, அமெரிக்க ராப் பாடகி ராப்சடி 2019-இல் வெளியிட்ட ‘ஈவ்’ ஆல்பத்தை முழுதாகக் கேட்டோம். 16 பாடல்கள், ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பெண்ணின் பெயர். முதல் பெயர், மறைந்த அமெரிக்கப் பாடகி நீனா சிமோன். அன்று நேரமில்லாமல் விட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சயானிலிருந்து: அக்கா, முதல் பாட்டில் ராப்புக்குப் பின்னால் கேட்கும் அந்தக் குரல் யாருடையது?

நீனாவேதான். அது ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அவர் பாடியது 1965-இல். அதற்கு முன்பே பாடகி பில்லி ஹாலிடே 1939-இல் பாடிவிட்டார். அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பினத்தவரின் உடல்களைத்தான் ‘பழம்’ என்கிறது பாட்டு. இது தெரிந்தபின் இன்னொரு முறை கேளுங்கள்.

முலுண்டிலிருந்து: நீனாவுக்காகத்தான் வந்தேன். ஒரே பாட்டோடு விட்டுவிட்டார்களே?

விடவில்லை. பத்தாவது பாட்டு ‘மர்லி’யைப் பாருங்கள். மர்லியின் கணவர், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ், 1963 ஜூனில் மிசிசிப்பியில் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார். அதே செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்காமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தக் கோபத்தில்தான் நீனா ‘மிசிசிப்பி காட்டாம்’ பாட்டை எழுதினார். அவர் யாருக்காகக் கொதித்தாரோ அந்த வீட்டுப் பெண்ணை ராப்சடி பாட்டுக்குள் அழைத்து வருகிறார். இன்னொன்று, இருவருமே வட கரோலினாவின் சிறு ஊர்க்காரர்கள். நீனா ட்ரையான், ராப்சடி ஸ்னோ ஹில். ஊர்ப் பெண் ஊர்ப் பெண்ணைத் தேடிப் போனதாகவே எனக்குப் படுகிறது.

தாணேயிலிருந்து: ஆங்கிலம் வேகமாக ஓடுகிறது, பாதி புரியவில்லை.

முதல் முறை தாளத்தை மட்டும் பிடியுங்கள். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு.

செம்பூரிலிருந்து: இறந்தவர் குரலை எடுத்து அதன்மேல் பேசுவது மரியாதையா, அம்மா?

ஐயா, நீங்கள் சண்முகானந்தா சபாவில் நிரவல் கேட்டு வளர்ந்தவர். முன்னோர் எழுதிய ஒரு வரியை எடுத்து, அதன் பொருள் கெடாமல் விரித்துப் பாடுகிறார்கள் அல்லவா? சாம்பிளையும், அதாவது பழைய பதிவின் ஒரு துண்டைப் புதுப் பாட்டில் சேர்ப்பதையும், நான் அந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். 2013-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டும் நீனாவின் இதே ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’டை எடுத்தார், ஆனால் முறிந்த உறவின் கசப்பைச் சொல்ல. எனக்கு அது ஒட்டவே இல்லை. அத்தனை பேர் உயிர்போன துக்கத்தின்மேல் ஏறி நின்றதுபோல் இருந்தது. ராப்சடி அந்தத் துக்கத்துக்குள்ளேயே நின்று பேசுகிறார்.

தாராவியிலிருந்து: அக்கா, நாங்கள் தமிழில் ராப் எழுதுகிறோம். இப்படி ஒரு ஆல்பம் செய்தால் யாரை எடுக்கலாம்?

தம்பி, எனக்கு வேறு பெயரே தோன்றவில்லை: கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். மேடையில் தேசியப் பாட்டுப் பாடியவர். கணவர், நாடக நடிகர் கிட்டப்பா 1933-இல் 27 வயதில் இறந்தபோது இவருக்கு 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையை மாற்றவே இல்லை. அதோடு ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வாங்கி, ஆண் வேடம் போட்டு நடித்தார். 1930களின் இசைத்தட்டுகளுக்கு 60 ஆண்டு ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாடலை எழுதியவரின் உரிமையைத் தனியாக விசாரித்துக்கொள். ‘காலா’வில் தாராவிப் பிள்ளைகள் ராப் பாடியதைக் கேட்டவள் நான், உங்களால் முடியும். முதல் பாட்டை அந்த வெள்ளைப் புடவையிலிருந்து தொடங்கு. பீட் தயாரானதும் மாட்டுங்காவுக்குக் கொண்டு வா, எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறோம்.