சணல் சுவருறைக்கு எந்தத் தலைப்பு?

கேள்வி: கோயம்புத்தூரில் வீட்டு அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கிறேன். காகிதத்தின் மேல் சணல் நெசவை ஒட்டிய சுவருறைச் சுருள்களை, 91 செ.மீ. அகலத்தில், சீனாவிலிருந்து வரவழைக்க இருக்கிறேன். விற்பவரின் இன்வாய்ஸில் சுங்க வகைப்பாட்டுத் தலைப்பு எண் 4814 என்றிருக்கிறது. கிளியரிங் ஏஜென்ட் 6304 என்கிறார். அதே சரக்கில், கம்பி கோத்துத் தொங்கவிடும் அலங்காரத் துணிகளும் சில வருகின்றன. பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கையில்) எதைக் குறிப்பிடுவது?

பதில்: நீங்கள் விவரித்தபடியே சரக்கு இருக்குமானால், சுருள்களுக்கு உரிய தலைப்பு இவ்விரண்டும் அல்ல, துணிச் சுவருறைகளுக்கான 5905. முதுகில் காகிதம் இருப்பதைப் பார்த்தவுடன் வால்பேப்பர் என்று முடிவுகட்டி 4814-க்குப் போவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. சுங்கத் தீர்வை அட்டவணையின் 59ஆம் அத்தியாயத்தின் குறிப்பு, சுவரையோ கூரையின் உட்புறத்தையோ அலங்கரிக்க ஏற்றதாய், 45 செ.மீ.க்குக் குறையாத அகலத்தில், சுருளாக வரும் பொருளின் முகப்பு துணியாக இருந்து, அது ஒரு முதுகுப் பரப்பின் மேல் பொருத்தப்பட்டோ, ஒட்டுவதற்கு ஏற்றவாறு பின்புறம் பதப்படுத்தப்பட்டோ இருந்தால், அதை 5905-இல் சேர்க்கிறது. முதுகு எந்தப் பொருளால் ஆனது என்பதை அது பார்ப்பதில்லை. ஒரு விலக்கு உண்டு: இழைத்தூளை நேரடியாகக் காகிதத்தின் மேல் படியவைத்த வெல்வெட் போன்ற தாள்கள் 4814-க்கே போகும்.

இனி, உங்கள் சரக்கில் உண்மையாகவே சிக்கல் வரக்கூடிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். விற்பவர்கள் 'கிராஸ்கிளாத்' என்ற ஒரே பெயரில் சணல், கோரை, மூங்கில் எல்லாவற்றையும் விற்கிறார்கள். நூற்ற சணல் நூல் துணி வகையைச் சேர்ந்தது. கோரையும் மூங்கிலும் மட்டுமல்ல, நூற்கப்படாத இயற்கை நார்கூட 46ஆம் அத்தியாயத்தின் குறிப்பின்படி முடைபொருள்தான், அதாவது பாய், கூடை போல முடைவதற்கான பொருள். முகப்பில் முடைபொருள் இருந்து முதுகு காகிதமாக இருந்தால், அகலம் 45 முதல் 160 செ.மீ.க்குள் உள்ளவரை, அது 4814. ஆகவே முகப்பில் இருப்பது நூற்ற நூலா, வெறும் நாரா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில், இந்த ஒற்றைக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத விற்பவரின் இன்வாய்ஸ் எண்ணை நம்புவதற்கில்லை.

ஏஜென்ட் சொல்லும் 6304 ஆதாரமற்றதல்ல. அது தைத்து முடித்த அலங்காரத் துணிப்பொருள்களுக்கானது. ஓரம் மடித்துத் தைத்துக் கம்பி கோத்த உங்கள் தொங்குதுணிகள் அங்கே போகும். ஆனால் அவற்றில் கோபெலின் போன்ற கைநெசவுச் சித்திரத் திரையோ, குறுக்குத்தையல் போட்ட ஊசிவேலைச் சித்திரத் திரையோ இருந்தால் 5805.

இந்தியாவில் 2011 முதல், இறக்குமதியாளரே தீர்வையைக் கணக்கிட்டு அறிவிக்கும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் இருப்பதால், வகைப்பாட்டுக்கான முதல் பொறுப்பு இறக்குமதியாளருடையது. தவறாக வகைப்படுத்தியதால் தீர்வை குறைந்திருந்தால், சாதாரணமாக 2 ஆண்டுகள் வரையிலும், உண்மையை மறைத்ததாகக் கருதப்பட்டால் 5 ஆண்டுகள் வரையிலும், குறைந்த தொகையைக் கட்டச் சொல்லும் கேட்பாணை வரலாம். தொடர்ந்து வரவழைக்கும் எண்ணமிருந்தால், வகைப்பாட்டை இறக்குமதிக்கு முன்பே தீர்மானித்துத் தரும், டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் ரூ. 10,000 கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். தீர்ப்பு 3 மாதத்துக்குள் வரவேண்டும். சட்டமோ சரக்கின் தன்மையோ மாறாதவரை 5 ஆண்டுகள் செல்லும் (2026-க்கு முன் இது 3 ஆண்டுகளாக இருந்தது). விண்ணப்பத்தோடு, முகப்பும் முதுகும் பிரித்துப் பார்க்கக்கூடிய மாதிரித் துண்டையும் தொழில்நுட்ப விவரத்தாளையும் இணையுங்கள்.