சூடானால் கிளம்பாத சான்ட்ரோ: பிளக்கை விட்டுவிடுங்கள்

வணக்கம் அண்ணா. ஈரோட்டிலிருந்து கோவைக்கு வரும்போது பெருந்துறையில் தேநீருக்கு நிறுத்திய 1999 சான்ட்ரோ, அதன் பிறகு ஸ்டார்ட்டர் சுற்றியும் கிளம்பவில்லை, அரை மணி நேரம் ஆறியதும் தானே கிளம்பியது என்கிறீர்கள். பிளக்கும் பேட்டரியும் மாற்றியது வீண் செலவு; உங்களை அப்படிச் செய்ய வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது பெரும்பாலும் கிராங்க் சென்சாரின் (இன்ஜின் தண்டு சுழல்வதை உணர்ந்து சொல்லும் உறுப்பு) குணம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் வெப்பத்தில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும். அதன் சமிக்ஞை வராவிட்டால் இன்ஜினை இயக்கும் கணினி தீப்பொறியையும் தராது, பெட்ரோலையும் தெளிக்காது. அடுத்த முறை நின்றதும், ஆறுவதற்குள் தீப்பொறி வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் சென்சார்மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சற்றுப் பொறுங்கள், சுழலும் பெல்ட்டுகளிலிருந்து துணி விலகியிருக்கட்டும். உடனே கிளம்பினால் குற்றவாளி அதுதான். கனெக்டரையும் அசைத்துப் பாருங்கள்.

தீப்பொறி நன்றாக வந்தால் சந்தேகம் பெட்ரோல் பம்ப் மேல்தான். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் 2 வினாடி முனகல் கேட்க வேண்டும். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது. சித்திரை வெயிலில் கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். பழைய சென்சார் வாங்கவே வேண்டாம். சோதித்த விவரத்தை இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.